கணிப்புத் துல்லியமானால் முடிவும் சரியாகிவிடுமா?

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் ஒருவர், தாம் அணுக நினைக்கும் பொறியியல் பேராசிரியரின் ஆய்வுத்துறை ‘இயந்திரக் கற்றலும் நிச்சயமின்மையின் கீழ் முடிவெடுத்தலும்’ என்று குறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டி, இவை ஒரே துறையா இரண்டு துறைகளா என்று கேட்டிருக்கிறார். கணினி போதிய அளவு துல்லியமாகக் கணித்துவிட்டால் சரியான முடிவு தானாகவே வந்துவிடாதா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்த இரண்டாம் கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதும் தெளிந்துவிடும். வந்துவிடாது என்பதே விடை. அது ஏன் என்பதை ஆராய்வதுதான் இந்தப் பேராசிரியர்களின் முழுநேர வேலை.

ஓர் ஆலையில் ஓடும் பெரிய டர்பைனின் சுழல் அச்சைத் தாங்கும் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அதிர்வு உணரிகள் தரும் தரவைக் கொண்டு, அடுத்த பராமரிப்புக்குள் அந்த பேரிங் பழுதாவதற்கான நிகழ்தகவை, தரவிலிருந்து கற்கும் ஒரு கணித மாதிரி சொல்கிறது. முன்கூட்டியே மாற்றினால் செலவு 1 அலகு. ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தால் இழப்பு 50 அலகு. மாற்றாமல் காத்திருப்பதன் எதிர்பார்ப்பு இழப்பு, நிகழ்தகவை 50ஆல் பெருக்கினால் வருவது. ஆகவே நிகழ்தகவு 2 சதவீதத்தைத் தாண்டும்போதே மாற்றிவிடுவது நல்லது. பழுது 60 சதவீதமா 90 சதவீதமா என்று நுட்பமாகப் பிரித்தறியும் திறன் இங்கே எதற்கும் பயன்படாது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். 1 சதவீதமா 3 சதவீதமா என்பதைச் சரியாகச் சொல்லும் திறனே முடிவை மாற்றுகிறது. நூறு பேரிங்குகளில் ஒன்றுதான் பழுதாகும் என்ற நிலையில், ‘எதுவும் பழுதாகாது’ என்று எப்போதும் சொல்லும் மாதிரிகூட 99 சதவீதத் துல்லியம் பெற்றுவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

இதே கணக்கு, எண்ணிக்கையை முடிவு செய்யும் இடங்களில் வேறு வடிவம் எடுக்கிறது. நாளைய மின்தேவைக்கு எவ்வளவு உற்பத்தியை ஆயத்தமாக வைப்பது என்பது கேள்வி என்று கொள்வோம். ஓர் அலகு குறைந்துபோனால் இழப்பு 9, ஓர் அலகு மிஞ்சிப்போனால் இழப்பு 1 என்றால், தேவையின் சராசரியை ஆயத்தம் செய்வது தவறு. 9ஐ 10ஆல் வகுத்தால் வரும் 0.9 என்ற விகிதமே வழிகாட்டி. பத்தில் ஒன்பது முறை தேவை எந்த அளவுக்குள் அடங்குமோ அந்த அளவை வைக்க வேண்டும். வங்கியில் எவ்வளவு ரொக்கத்தைக் கையிருப்பாக வைப்பது என்ற கேள்விக்கு 1888இல் எட்ஜ்வொர்த் எழுதிய ஆய்விலேயே இந்தச் சிந்தனை இருக்கிறது. சராசரிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றப்பட்ட மாதிரி, எவ்வளவு ஆழமான நியூரல் நெட்வொர்க்காக (அடுக்கடுக்கான எளிய கணக்கீடுகளால் கற்கும் வலையமைப்பாக) இருந்தாலும், இந்த 0.9ஐப் பற்றி எதுவும் அறியாது.

ஆக, முடிவுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: எது எவ்வளவு நிகழக்கூடும் என்ற நிகழ்தகவுப் பரவல் ஒன்று, ஒவ்வொரு விளைவுக்கும் என்ன இழப்பு என்ற அளவீடு மற்றொன்று. இயந்திரக் கற்றல் முதலாவதைத் தரவிலிருந்து பெற முயல்கிறது. இரண்டாவதை எந்தத் தரவும் தராது. அது மனிதர்கள் சொல்ல வேண்டிய மதிப்பீடு. இவ்விரண்டையும் இணைக்கும் கோட்பாட்டுக்கு 1944இல் ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டர்னும், 1950இல் ஆபிரகாம் வால்டும், 1954இல் லெனர்ட் சாவேஜும் அடித்தளம் அமைத்தார்கள். நிகழ்தகவு தெரிந்த இடரையும் நிகழ்தகவே தெரியாத நிச்சயமின்மையையும் பிரித்துப் பேசிய பிராங்க் நைட், அதற்கும் முன்பு, 1921இலேயே எழுதிவிட்டார். பழைய அடித்தளத்தின் மேல் புதிதாக ஏறியிருப்பது பெருந்தரவும் அதிலிருந்து கற்கும் கருவிகளுமே.

அந்தக் கருவிகளிடம் முதலில் கேட்க வேண்டியது நேர்மையான நிகழ்தகவு. ஒரு மாதிரி ‘2 சதவீதம்’ என்று சொன்ன எல்லா நிகழ்வுகளையும் ஒன்றாகத் திரட்டினால், அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு உண்மையில் நிகழ்ந்திருக்க வேண்டும். வானிலைக் கணிப்புகளை இவ்வாறு மதிப்பிடும் முறையை 1950இலேயே கிளென் பிரையர் வகுத்தார். ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்று எந்த வகையைச் சேர்ந்தது என்று பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்குகளால் சொல்லும் அன்றைய ஆழ்கற்றல் வகைப்படுத்திகள் பலவும் தம் உண்மையான திறனைவிட மிகுந்த உறுதியோடு விடை சொல்கின்றன என்று காட்டியது. துல்லியம் கூடிய அதே காலத்தில் இந்த நேர்மை குறைந்திருந்தது. ஒரே ஓர் அளவுருவை மாற்றிப் பெருமளவு சரிசெய்யலாம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. இன்னொரு வழி, விளாதிமிர் வோவ்க்கும் அவருடைய சகாக்களும் வளர்த்த கன்ஃபார்மல் கணிப்பு. அது ஒற்றை விடைக்குப் பதிலாக ஒரு விடைத்தொகுதியைத் தந்து, உண்மை விடை அதற்குள் குறைந்தது 90 சதவீத முறை இருக்கும் என்பது போன்ற உறுதியை, மாதிரி எப்படிப்பட்டதாக இருந்தாலும் அளிக்கிறது. இந்த உறுதி, பழைய தரவும் புதிய தரவும் ஒரே இயல்புடையவை என்ற நிபந்தனைக்கு உட்பட்டது என்பதையும், எல்லா நேர்வுகளையும் சேர்த்துச் சராசரியாகக் கிடைப்பதே அன்றி ஒவ்வொரு நேர்வுக்கும் தனித்தனியாகக் கிடைப்பது அல்ல என்பதையும் அதைப் பயன்படுத்துவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேர்மையான நிகழ்தகவு கிடைத்துவிட்டாலும் ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். பத்துத் திட்டங்களின் மதிப்பை மாதிரி மதிப்பிடுகிறது. பத்தின் உண்மை மதிப்பும் சுழியம். மதிப்பீடுகளில் மேலும் கீழுமாகச் சமச்சீரான பிழை மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு மதிப்பீடும் தனியாகப் பார்த்தால் ஒருபக்கம் சாய்ந்ததில்லை. ஆனால் முடிவெடுப்பவர் பத்தில் மிக உயர்ந்ததைத்தானே தேர்ந்தெடுப்பார்? பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால், அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதன் மதிப்பீடு, உண்மையைவிடச் சராசரியாக 1.54 திட்டவிலக்கம் (பிழைகள் பொதுவாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) கூடுதலாக இருக்கும். சிறந்ததைத் தேடும் செயலே, மாதிரி எங்கே தவறாக மிகைப்படுத்துகிறதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடுகிறது. ஸ்மித்தும் விங்க்லரும் 2006இல் இதை முடிவுப் பகுப்பாய்வின் மொழியில் தெளிவாக எழுதினார்கள். செயல்களுக்குக் கிடைக்கும் வெகுமதியிலிருந்து கற்கும் வலுவூட்டல் கற்றலில் இதே நோய், ஒவ்வொரு செயலின் மதிப்பையும் மதிப்பிட்டுக் கற்கும் கியூ-கற்றல் முறையின் மிகைமதிப்பீடாக வெளிப்பட்டது. அதற்கு மாற்றாக ஹேடோ வான் ஹாசெல்ட் 2010இல், தேர்ந்தெடுக்க ஒரு மதிப்பீட்டையும் அதன் மதிப்பை அளக்க வேறொரு மதிப்பீட்டையும் கொள்ளும் இரட்டை மதிப்பீட்டு முறையை முன்வைத்தார். சேமித்து வைத்த பழைய தரவிலிருந்து மட்டுமே, எந்த நிலையில் எதைச் செய்வது என்ற கொள்கையைக் கற்கும்போது இது இன்னும் கடுமையாகிறது. யாரும் இதுவரை செய்து பார்க்காத செயலுக்கு மாதிரி தாராளமாக உயர்ந்த மதிப்பைக் கொடுக்க, அதை மறுக்க ஒரு தரவுப் புள்ளிகூட இல்லாததால், கணினி அந்தச் செயலையே பரிந்துரைக்கிறது. கணிப்பில் சிறிதாகத் தெரிந்த பிழை முடிவில் பெரிதாவது இவ்வாறுதான். தரவு இல்லாத இடத்தில் மதிப்பீட்டைத் திட்டமிட்டுத் தாழ்த்திக் கொள்ளும் எச்சரிக்கை முறைகள் இன்று பெருகியிருப்பதற்கும் இதுவே காரணம்.

மாதிரியின் மீதே ஐயம் கொண்டு முடிவெடுக்கும் மரபு பொறியியலில் இதற்கு முன்பே உண்டு. அளவுருக்கள் ஒரு வரம்புக்குள் எங்கு இருந்தாலும் தாங்கும் தீர்வைத் தேடும் முறையை 1973இல் சாய்ஸ்டர் முன்வைத்தார். எல்லாமே ஒரே நேரத்தில் மிக மோசமாகப் போகும் என்று அஞ்சுவது தேவைக்கு மீறிய எச்சரிக்கை என்பதால், எத்தனை அளவுருக்கள் வரை மோசமாகலாம் என்பதைப் பயனரே குறிக்கும் முறையை 2004இல் பெர்ட்சிமாஸும் சிம்மும் உருவாக்கினார்கள். இன்று, தரவு காட்டும் பரவலைச் சுற்றி ஒரு சிறிய எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பரவல்களுக்கும் எதிராகப் பாதுகாத்துக் கொள்ளும் ஆய்வுகள் அதே வழியின் தொடர்ச்சி. சராசரி இழப்பை விடுத்து, மிக மோசமான 5 சதவீத நிலைகளின் சராசரியைக் குறைப்பதும் ஒரு வழி. அதைக் கணினியில் எளிதாகத் தீர்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ராக்கஃபெல்லரும் உரியாசேவும், ஆண்டு 2000.

இனி, எடுத்த முடிவு அடுத்து வரும் தரவையே மாற்றிவிடும் என்ற சிக்கலுக்கு வருவோம். பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிட்டால், அது உண்மையில் உடைந்திருக்குமா என்பது ஒருபோதும் தெரியவராது. மாதிரி ஐயப்பட்ட பேரிங்குகள் எல்லாம் கழற்றப்பட்டுவிடுவதால், அடுத்த ஆண்டின் தரவில் பழுதுகள் குறைவாகவே இருக்கும். அந்தத் தரவில் மீண்டும் பயிற்றினால், ஐயப்பட்டதே தேவையற்றது என்று மாதிரி கற்றுக்கொள்ளும். இதைத் தடுக்க, அறிந்ததைப் பயன்படுத்துவதோடு அறியாததைச் சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது? இயற்கையிலேயே உள்ள தற்செயலை எத்தனை தரவு சேர்த்தாலும் குறைக்க முடியாது. நமது அறியாமையால் வரும் நிச்சயமின்மையைச் சோதனையால் குறைக்கலாம். இவ்விரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்து தரும் மாதிரி இந்த வேலைக்கு உதவாது. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று தெரியாத நிலையில், ஒவ்வொன்றும் மேலானதாக இருப்பதற்கான நிகழ்தகவுக்கு ஏற்ப நோயாளிகளைப் பிரித்து அனுப்பலாம் என்று 1933இல் வில்லியம் தாம்சன் எழுதினார். பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த அந்த முறை இன்று இணையப் பரிந்துரைகளிலிருந்து மருத்துவச் சோதனை வடிவமைப்பு வரை பேசப்படுகிறது. இத்தகைய சிக்கல்களில் எந்த முறையாலும் தவிர்க்க முடியாத இழப்பு, முயற்சிகளின் எண்ணிக்கையின் மடக்கையைப் போல, அதாவது மிக மெதுவாக, வளரும் என்பதை 1985இல் லாயும் ராபின்ஸும் நிறுவினார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதே இரட்டைத் தேவையை 1960களின் தொடக்கத்தில் ஃபெல்ட்பாம் வகுத்திருந்தார்: கட்டுப்படுத்தும் கருவி எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும், தான் கட்டுப்படுத்தும் பொருளை அறிந்துகொள்ளும்படி அதைச் சற்று அசைத்தும் பார்க்க வேண்டும்.

முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்போது, இன்றைய முடிவின் விலை நாளைய நிலையையும் சார்ந்தது. கடைசி முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்படியாகக் கணக்கிடும் டைனமிக் புரோகிராமிங் முறையை அதற்காக ரிச்சர்ட் பெல்மன் 1950களில் உருவாக்கினார். உண்மை நிலையே கண்ணுக்குத் தெரியாமல், பிழையுள்ள உணரிகளின் வழியாக மட்டும் ஊகிக்கப்படும்போது, எந்த நிலையில் இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவுப் பரவலையே நிலையாகக் கொண்டு முடிவெடுக்க வேண்டும்; 1965இல் கார்ல் ஆஸ்ட்ரம் இந்த வழியைத் திறந்தார். இதைப் பிழையின்றி முழுமையாகத் தீர்ப்பது பொதுநிலையில் கணிப்பியலின்படி மிகக் கடினம் என்று 1987இல் பாப்பாடிமிட்ரியூவும் சிட்சிக்லிஸும் நிறுவினார்கள். எனவே எங்கே எப்படித் தோராயப்படுத்துவது என்பதே இங்கு ஆய்வாளரின் திறமை.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து நடைமுறைக்கு வந்த இடம் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும்: விமானங்கள் வானில் மோதாமல் காக்கும் கருவி. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு அருகில் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. அது பயணிகள் விமானத்தை ஏறும்படியும் சரக்கு விமானத்தை இறங்கும்படியும் சரியாகவே சொன்னது. ஆனால் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் பயணிகள் விமானத்தை இறங்கச் சொல்லியிருந்தார். விமானிகள் அவர் சொற்படி இறங்கினார்கள். டிகாஸின் கணக்கு, எச்சரிக்கை ஒலித்த 5 விநாடிகளில் விமானி குறிப்பிட்ட முடுக்கத்தோடு கீழ்ப்படிவார் என்ற நிலையான அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. மனிதர்கள் அப்படி நடந்துகொள்வது உறுதி இல்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆதரவோடு, எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ஏகாஸ் எக்ஸ் என்ற அடுத்த தலைமுறைக் கருவி இதை வேறு விதமாக அணுகியது. அந்தப் பணியில் முக்கியப் பங்காற்றிய மைக்கேல் காக்கன்டர்ஃபர் பின்னர் ஸ்டான்ஃபோர்டில் வானூர்தி, விண்வெளிப் பொறியியல் பேராசிரியரானார். நீங்கள் கேட்ட வகை ஆராய்ச்சிக்கு அவர் தெளிவான எடுத்துக்காட்டு. இங்கே விதிகளைப் பொறியாளர் ஒவ்வொன்றாகக் கையால் எழுதவில்லை. நிகழ்தகவு மாதிரி ஒன்று, விமானங்கள் எப்படியெல்லாம் நகரக்கூடும் என்பதைச் சொல்கிறது. விமானி எச்சரிக்கைக்கு உடனே கீழ்ப்படியலாம், தாமதிக்கலாம் என்பதும் நிகழ்தகவாகவே உள்ளே இருக்கிறது. மோதலுக்கு மிகப் பெரிய இழப்பு, தேவையில்லாத எச்சரிக்கைக்குச் சிறிய இழப்பு, சொன்னதை மாற்றி எதிர்த்திசையில் சொல்வதற்கு இடைப்பட்ட இழப்பு எனக் குறித்தார்கள். பின்பு உயர வேறுபாடு, ஏறும் இறங்கும் வேகங்கள், நெருங்க மீதமுள்ள நேரம், முன்பு சொன்ன எச்சரிக்கை ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் எது குறைந்த எதிர்பார்ப்பு இழப்பைத் தரும் என்பதை டைனமிக் புரோகிராமிங் வழியே முன்கூட்டியே கணக்கிட்டு ஓர் அட்டவணையாக்கினார்கள். பறக்கும்போது, தான் இருக்கக்கூடிய நிலைகள் பலவற்றுக்கும் அட்டவணை தரும் இழப்புகளை நிகழ்தகவுக்கு ஏற்ற எடையிட்டுக் கூட்டிக் கருவி முடிவெடுக்கிறது. உருவகப்படுத்தல் சோதனைகளில் இது பழைய கருவியைவிடக் குறைவாக எச்சரித்து, மோதல் இடரையும் குறைத்தது. வெறும் எச்சரிக்கைகள் மிகுந்தால் விமானிகள் கருவியை நம்ப மறுப்பார்கள் என்பதால், குறைவாக எச்சரிப்பதும் பாதுகாப்பின் பகுதியே.

இந்த முறையில் நான் மிக மதிப்பது, மாற்றம் செய்யும் இடம் தெளிவாக இருப்பதை. எச்சரிக்கைகள் மிகுதி என்று விமானிகள் சொன்னால், எச்சரிக்கைக்குக் குறித்த இழப்பை உயர்த்தி மீண்டும் கணக்கிடலாம். ஆனால் அந்த எண்களை யார் குறிப்பது, எந்த அடிப்படையில் என்பதை மறைக்காமல் வெளிப்படையாக வைக்க வேண்டும். பயனுள்ள பயன்பாட்டுக் கட்டுரை என்று பாராட்டப்படும் பலவற்றில் இந்த எண்கள் ஒரே வரியில், விளக்கமின்றிக் கடந்து செல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. முடிவின் நீதி அநீதி பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஆளில்லா விமானங்களுக்கான வடிவத்தில் அட்டவணை 2 ஜிகாபைட்டைத் தாண்டியதால், அதை 45 சிறிய நியூரல் நெட்வொர்க்குகளாகச் சுருக்கி 3 மெகாபைட்டுக்குள் அடக்கும் முயற்சி நடந்தது. சுருக்கும்போது ஏதோ ஒரு மூலையில் தவறான அறிவுரை நுழைந்துவிட்டால்? மாதிரிக்கு ஆயிரக்கணக்கான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்ப்பது அதற்கு விடையாகாது. ஒரு வரம்புக்குள் உள்ள எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரு பண்பு பொருந்துகிறதா என்று கணித வழியில் சரிபார்க்கும் ரெலுபிளெக்ஸ் என்ற முறை 2017இல் வெளிவந்தது. அது சில பண்புகளை நிறுவியதோடு, மீறும் உள்ளீட்டையும் கண்டுபிடித்துக் காட்டியது. நியூரல் நெட்வொர்க்குகளைச் சரிபார்க்கும் இன்றைய துறையின் வளர்ச்சியில் அதற்குப் பெரும் பங்குண்டு.

கணிப்பையும் முடிவையும் தனித்தனியே செய்யாமல், முடிவின் இழப்பையே பயிற்சியின் அளவுகோலாக்கிக் கற்பிக்கும் ஆய்வுகளும் அண்மையில் பெருகியுள்ளன. எல்மாக்தூபும் கிரிகாஸும் 2022இல் வெளியிட்ட கட்டுரை அவற்றில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. மாதிரி எளியதாகவும் உலகம் சிக்கலாகவும் இருக்கையில், எங்கே தவறினால் பரவாயில்லை என்பதை மாதிரிக்குச் சொல்லித்தருவதால் இது நல்ல பலன் தருகிறது. செலவுகள் அடிக்கடி மாறும் இடங்களில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீண்டும் பயிற்ற வேண்டியிருக்கும் என்பதால், நேர்மையான பரவலைத் தனியாகக் கற்று வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், அந்தப் பேராசிரியரின் துறைப்பெயரில் உள்ள இரண்டும் ஒரே வேலையின் பிரிக்க முடியாத பாதிகள் என்பது புலப்படும். நீங்கள் அவருடைய கட்டுரைகளைப் படிக்கும்போது, இழப்பு எண்கள் எங்கிருந்து வந்தன, பயிற்சித் தரவுக்கு வெளியே நிகழ்தகவுகள் நேர்மையாக இருக்கின்றனவா, எடுத்த முடிவு அடுத்த தரவை எப்படி மாற்றுகிறது, மாதிரி தனக்குத் தெரியாத நிலையைச் சந்தித்தால் என்ன செய்கிறது என்று தேடிப் பாருங்கள். இவற்றில் எதை அவர் தீராத சிக்கலாக விட்டிருக்கிறாரோ, அதைப் பற்றி எழுதும் விண்ணப்பம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். ஆயத்தமாக, புதிய நியூரல் நெட்வொர்க் வடிவங்களைத் துரத்துவதைவிட நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், குவிவு உகப்பாக்கம் (கிண்ண வடிவச் சார்புகளின் மிகக் குறைந்த மதிப்பைக் காணும் கணிதம்) ஆகியவற்றில் ஆழமாக இறங்குங்கள். கூடவே, மேலே சொன்ன மின்தேவைக் கணக்கைக் கணினியில் நீங்களே எழுதிப் பாருங்கள்: செயற்கைத் தரவு ஒன்றை உருவாக்கி, சராசரிப் பிழையைக் குறைக்கும் மாதிரி ஒன்றையும் 0.9 என்ற விகிதத்துக்குப் பயிற்றிய மாதிரி ஒன்றையும் ஓட்டி, இரண்டின் பிழையையும் அவை தரும் இழப்பையும் அருகருகே அச்சிட்டு, பின்பு தரவின் பரவலைச் சற்று நகர்த்தி மீண்டும் ஓட்டுங்கள். நேர்காணலில் அந்த எண்களை விளக்கத் தெரிந்திருந்தால் உரையாடலுக்கு அதுவே நல்ல தொடக்கம்.